சுத்தபத்தமா, நோயா? என் மனைவியின் கைகழுவும் பழக்கம் குறித்து ஒரு கேள்வி

காவிரிக்கரையான்:

வணக்கம். கும்பகோணத்திற்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் மனைவிக்கு வயது 31. இரண்டாவது குழந்தை பிறந்து 14 மாதங்கள் ஆகின்றன. திருமணமான நாளிலிருந்தே அவள் சுத்தம் பார்ப்பவள்தான். "மருமகள் நல்ல சுத்தபத்தம்" என்று என் தாயார் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் இரண்டாவது பிரசவத்திற்குப் பிறகு அது கட்டுமீறிப் போய்விட்டது. குழாயைத் திறந்ததால் அதன் திருகு அசுத்தமாகிவிட்டது என்று அதற்குச் சோப்புப் போடுகிறாள். திருகைத் தொட்டுக் கழுவியதால் கை அசுத்தமாகிவிட்டது என்று மறுபடியும் கையைக் கழுவுகிறாள். மேல்நிலைத் தொட்டி ஒரே நாளில் இரண்டு முறை காலியாகிறது. நான் கடையிலிருந்து கொண்டுவரும் ரூபாய் நோட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, கொல்லைக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுகிறாள். நானும் கொல்லை வழியாக வந்து, குளித்து உடை மாற்றிய பிறகே கூடத்திற்குள் நுழைய முடியும்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "கையைச் சரியாகக் கழுவினேனா, நீங்கள் பார்த்தீர்களா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை கேட்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஆமாம், பார்த்தேன்" என்று சொன்னால் ஐந்து நிமிடம் அமைதி; பிறகு மீண்டும் அதே கேள்வி. இது தேவையற்ற பயம் என்பது தனக்கே தெரியும் என்று சொல்லி அழவும் செய்கிறாள். விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்ததால் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னார். "பைத்தியம் என்று ஊர் பேசும், இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று என் தாயார் தடுக்கிறார். இது உண்மையிலேயே நோய்தானா? மாத்திரை என்றால் ஆயுள் முழுவதுமா? குழந்தை இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. கண்டித்துச் சொன்னால் சரியாகுமா?

மதுரை மருத்துவர்:

முப்பது ஆண்டுகளாக மனநல மருத்துவராகப் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் விவரித்திருப்பது எண்ணச் சுழற்சி நோயை, பேச்சுவழக்கில் ஓசிடி என்கிறோமே, அதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. மனநலத் துறையில் இத்தனை பொருத்தமாகத் தமிழ்ப்பெயர் அமைந்த நோய்கள் குறைவு. விரும்பாத ஓர் எண்ணம் வலிய வந்து நுழைகிறது. அது பதற்றத்தைக் கிளப்புகிறது. பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைச் செய்தாக வேண்டியிருக்கிறது. செய்தவுடன் கிடைக்கும் சிறு நிம்மதியே, அடுத்த முறையும் அதைச் செய்தால்தான் ஆயிற்று என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. செக்கு மாடு சுற்றுவதைப் போன்றதுதான். எவ்வளவு நடந்தாலும் இடம் பெயர்வதில்லை.

சுத்த உணர்வுக்கும் நோய்க்கும் எல்லை எங்கே என்று பலரும் கேட்கிறார்கள். எண்ணங்களிலும் செயல்களிலுமாக ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிகிறதா, அல்லது அதனால் கடுமையான துன்பமோ அன்றாட வாழ்க்கைக்கு இடையூறோ ஏற்படுகிறதா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். ஆச்சாரமாக இருப்பவருக்குக் குளித்து முடித்ததும் மனம் நிறைகிறது. இந்நோய் உள்ளவருக்கு எத்தனை முறை குளித்தாலும் அந்த நிறைவு வருவதே இல்லை. "தேவையற்ற பயம் என்று எனக்கே தெரிகிறது" என்று உங்கள் மனைவி சொல்வது முக்கியமான குறிப்பு. ஊரார் "பைத்தியம்" என்ற சொல்லால் எதைக் குறிக்கிறார்களோ, அந்த நிலையில் இத்தகைய தெளிவு பெரும்பாலும் இருப்பதில்லை. உங்கள் தாயாரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

நூற்றுக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரை வாழ்நாளில் எப்போதாவது இந்நோய்க்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் சிறுவயதிலோ இருபதையொட்டிய வயதிலோ தொடங்கும். சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலோ பிரசவத்திற்குப் பிறகோ முதன்முதலாகத் தோன்றும், அல்லது முன்பே இருந்தது முற்றும். கை கழுவுவது இதன் ஒரு முகம் மட்டுமே. பூட்டையும் கேஸ் அடுப்பையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, பொருள்கள் கோணாமல் இருந்தாக வேண்டும் என்ற தவிப்பு, வெளியே சொல்லக் கூசும் எண்ணங்கள் என்று பல வடிவங்கள் உண்டு. நோய் நீடித்தால் மனச்சோர்வும் வந்து சேர்ந்துகொள்ளும். தூக்கம், பசி, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் முதலிய மருந்துகளே இதற்கும் முதல் தேர்வு. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் தொடங்கி, தேவையெனில் 200 வரை படிப்படியாகப் போவதுண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். தொடக்கத்தில் குமட்டல், தலைவலி, சற்றே படபடப்பு வரலாம். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். குணம் தெரிந்த பிறகும் ஓராண்டு முதல் ஈராண்டு வரை தொடர்ந்து, பிறகு மெதுவாகக் குறைத்துப் பார்ப்போம். சிலருக்கு நீண்ட காலம் தேவைப்படும். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால், பாலூட்டும் தாய்மாருக்கு அதைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். மருந்துக்காகப் பால் மறக்கடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை.

பழைய மாணவன்:

எங்கள் பாட்டியும் இப்படித்தான் இருந்தார்கள். தண்ணீர் தெளிக்காமல் எதையும் தொட மாட்டார்கள். எண்பது வயது வரை மாத்திரை இல்லாமல் வாழ்ந்தார்கள். எல்லாவற்றையும் நோய் என்று ஆக்கிவிட்டால் மருந்துக் கடைக்காரருக்குத்தான் லாபம். யோகா, பிராணாயாமம் செய்தாலே போதும் என்பது என் கருத்து.

திருநெல்வேலிக்காரி:

பழைய மாணவன் அவர்களுக்கு: உங்கள் பாட்டி தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். நான் போக முடியாமல் நின்றவள், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 22 வயதில் தொடங்கியது. கருவறை முன் கைகூப்பி நிற்கும்போது சாமியைப் பற்றி மிக ஆபாசமான ஒரு சொல் மனத்தில் வந்து விழும். பாவம் கழிய வேண்டும் என்று பிராகாரத்தை மூன்று முறை சுற்றுவேன். இரண்டாவது சுற்றில் அதே சொல் வந்துவிட்டால் மறுபடியும் கொடிமரத்தடியிலிருந்து தொடங்க வேண்டும். நடை சாத்தும் மணி அடிக்கும்வரை சுற்றிய நாட்கள் உண்டு. பார்ப்பவர்களுக்கு நான் பெரிய பக்தை. ஒன்பது ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னவென்று சொல்வது?

முதலில் பார்த்த மருத்துவரிடமும் சொல்லக் கூசி, "படபடப்பு" என்று மட்டும் சொன்னேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலாம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் அதையே விழுங்கினேன். பதற்றம் அப்போதைக்கு மழுங்கியது, எண்ணம் அப்படியே இருந்தது, மாத்திரையை விட முடியாமல் போனதுதான் மிச்சம். பிறகு வேறொரு மருத்துவர் ஃப்ளூவாக்ஸெடினை 60 மில்லிகிராம் வரை உயர்த்தி, மற்றதைச் சில மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார், உளவியலாளரிடமும் அனுப்பினார். அந்தச் சொல்லை என் கையாலேயே ஒரு தாளில் எழுதி, அதைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், ஒரே ஒரு முறை கும்பிட்டுவிட்டு, சுற்றாமல் திரும்பி வர வேண்டும் என்பது ஆறாவது வாரத்துப் பயிற்சி. பதற்றத்திற்கு நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்லியிருந்தார்கள். வாசலில் 90 போட்டேன். ஒன்றும் செய்யாமல் தெப்பக்குளத்துப் படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தானாகவே 50க்கு இறங்கியது. தானாக இறங்கும் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. இன்றும் அந்தச் சொல் எப்போதாவது வருகிறது, வந்துவிட்டுப் போகிறது. யோகாவும் செய்கிறேன், நல்ல தூக்கம் வருகிறது. ஆனால் சுற்றுவதை நிறுத்தியது யோகா அல்ல.

கோவை உளவியலாளர்:

மேலே சொல்லப்பட்ட பயிற்சிக்கு "எதிர்கொண்டு, பதில் செயலைத் தவிர்த்தல்" என்று பெயர். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு பலன் கண்டதாக வெளியிட்ட பிறகு வளர்ந்த சிகிச்சை இது. இன்றளவும் இந்நோய்க்கு இதைவிட உறுதியான உளவியல் சிகிச்சை இல்லை. உங்கள் மனைவிக்கு எவையெவை எவ்வளவு பதற்றம் தருகின்றன என்று அவரே மதிப்பெண் போட்டு ஏணி ஒன்று அமைப்பார். அதில் எளிய படியிலிருந்து தொடங்குவோம். பால் பாக்கெட்டைத் தொட்டுவிட்டு அரை மணி நேரம் கழுவாமல் இருப்பது முதல் படியாக இருக்கலாம். ரூபாய் நோட்டு பத்தாவது படியாக இருக்கலாம். பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் தேவைப்படும்.

கணவரான உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஆமாம், பார்த்தேன்" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும், கொல்லை வழியாகக் குளித்துவிட்டு வரும் ஒவ்வொரு நாளும், நோய்க்கு நீங்களும் ஒரு கை தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள், ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் செய்கின்றன. அதற்காக நாளையே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது கொடுமையாக முடியும். கண்டிப்பதும் உதவாது, பதற்றம் கூடினால் கழுவுவதும் கூடும். சிகிச்சையாளர் முன்னிலையில் இருவரும் பேசி, எதை எப்போது குறைப்பது என்று ஒப்புக்கொண்ட பிறகு, "இதற்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று நாம் இருவரும் முடிவு செய்தோமே, கொஞ்ச நேரம் உன்னோடு உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிப் பழகலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் யாரிடமாவது தமிழில் பேச வேண்டுமானால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. திருநெல்வேலிச் சகோதரி எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் சொல்லாத ஒன்று இருப்பதாகச் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனால், தானே அதைக் கிணற்றில் போட்டுவிடுவேனோ என்று ஒரு காட்சி கண்முன் வருகிறதாம். அதனால்தான் ஆறு மாதமாகக் கொல்லைப் பக்கம் குழந்தையோடு போவதில்லையாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவளைக் குழந்தையோடு தனியே விடலாமா? வியாழக்கிழமை தஞ்சாவூர் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

மதுரை மருத்துவர்:

அவர் இதைச் சொன்னது மிக நல்லது. பிரசவத்திற்குப் பிறகு வரும் எண்ணச் சுழற்சியில் இத்தகைய காட்சிகள் அடிக்கடி வருவதுண்டு. அந்த எண்ணத்தைக் கண்டு அவர் அஞ்சி நடுங்குகிறார், கிணற்றை விட்டு விலகிப் போகிறார் என்பது அது அவருடைய விருப்பமல்ல என்பதைக் காட்டுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குழந்தையை அவரிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. பிரித்தால் தன் பயம் உண்மைதான் என்று அவர் நம்பிவிடுவார். வியாழக்கிழமைவரை உங்கள் தாயாரும் அவருடன் வீட்டில் இருக்கட்டும், காவலாக அல்ல, துணையாக.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்று உண்டு. இரவு பகல் தூக்கமில்லாமை, யாரோ பேசுவது போன்ற குரல், குழந்தைக்கு ஏதோ தீய சக்தி பிடித்திருக்கிறது என்ற அசையாத நம்பிக்கை, குழந்தைக்குத் தீங்கு செய்வதுதான் சரி என்ற பேச்சு, இவற்றில் எது தென்பட்டாலும், அல்லது தன் உயிரைப் பற்றி அவர் ஏதேனும் சொன்னாலும், வியாழக்கிழமைக்காகக் காத்திராமல் அதே மணி நேரத்தில் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு இல்லையெனில், மருத்துவரிடம் கைகழுவும் பழக்கத்தைச் சொல்வதற்கு முன்பாகக் கிணற்றடியைப் பற்றி அவரே சொல்லட்டும். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தைராய்டுப் பரிசோதனை முடிவு ஏதேனும் இருந்தால் அதையும், பிரசவ காலத்து மருத்துவச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.