கம்பஸை விட்டு போட் இன்ஜினுக்கு வந்தேன்

நான் கம்பஸை, அதாவது பல்கலைக்கழகத்தை, விட்டது இரண்டாம் வருடத்தில். கணிதப் பிரிவில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எடுத்து, அதில் வந்த இசட் ஸ்கோர் புள்ளிக்குக் கிடைத்த பௌதிக விஞ்ஞானத்துக்குப் போனவன். விரிவுரையில் இருப்பேன், குறிப்பெல்லாம் எழுதுவேன். அறைக்கு வந்தால் கொப்பியைத் திறக்கக் கை வராது. சோம்பல் என்றுதான் நானும் நினைத்தேன்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டோடு வகுப்புகள் ஒன்லைனுக்குப் போக, திருகோணமலைக்கு வந்துவிட்டேன். மாமாவுக்குத் திருக்கடலூரில் ஒரு பைபர் போட். மண்ணெண்ணெய் இல்லாமல் கரை முழுக்கப் போட்டுகள் கிடந்த நேரம் அது. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. எப்படியோ ஒரு கான் பிடித்து வந்த மாமா கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், இன்ஜின் இருமக்கூட இல்லை.

பக்கத்துக் கராஜ் அண்ணையைக் கூட்டி வந்தோம். இந்த இன்ஜின்கள் பெற்றோலில் கிளம்பி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறும். வாரக்கணக்கில் ஓடாமல் நின்றதில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் பழைய எண்ணெய் பிசினாக இறுகி, எரிபொருள் பாயும் ஜெட்டை அடைத்திருந்தது. மயிரளவு ஓட்டைதான். அண்ணை மெல்லிய செப்புக் கம்பியால் குத்தி, ஊதி, என் கையில் தந்தார். "வானத்துக்குப் பிடிச்சுப் பார், வெளிச்சம் தெரியுதோ?" தெரிந்தது. அன்றிரவு இரண்டு மணிவரை யூடியூப்பில் காபரேற்றர்தான். எந்தப் பாடத்துக்கும் நான் அப்படி விழித்திருந்ததில்லை.

அப்புறம் கராஜ்தான். முதல் ஆறு மாதம் பிளக் துடைப்பதும் நட்டுக் கழற்றுவதும். கூலி என்று சாப்பாடும் பஸ் காசும். கடலால் வந்த இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட விடாவிட்டால் உப்புப் படிந்து குளிர்நீர்ப் பாதை அடைபடும். பின்பக்கத்தால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் முதலில் தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லர் சில்லைத்தான் பார்ப்போம். வாடைக்காலத்தில் போட்டுகளைக் கரையேற்றுவார்கள், எங்களுக்கு அப்போதுதான் வேலை குவியும். மே பிறந்தால் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆளேற்றுகிறவர்கள் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்கள்.

அப்பாவிடம் சொன்னது கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில். அங்கே சத்தம் போடமாட்டார் என்ற கணக்குத்தான். கோட்டை மான்களைப் பார்த்தபடி பேசாமல் நடந்தவர், இறங்கும்போதுதான் கேட்டார்: "போட் இன்ஜினுக்குப் பென்சன் இருக்கோ?" இல்லை என்றேன். பிறகு இரண்டு மாதம் வீட்டில் அம்மா வழியாகத்தான் பேச்சு.

அண்ணை சொல்லித்தான் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழின் நாலாம் மட்டத்துக்குப் போட்டேன். வேலை அனுபவத்தை வைத்தே மதிப்பிடுகிற முறை அதில் இருக்கிறது. செய்த வேலைகளின் படங்களும் குறிப்புகளும் கோப்பாகக் கொடுக்க வேண்டும், பிறகு மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். அந்தக் கோப்புக்கு மட்டும் கம்பஸில் எழுதிப் பழகிய கை உதவியது. சான்றிதழை அப்பா வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, லமினேட் பண்ணிக்கொண்டு வந்தார்.

ஒன்றைப் பிழையாகச் செய்தேன். கம்பஸுக்கு ஒரு கடிதமும் கொடுக்காமல் வந்துவிட்டேன். பதிவின்போது ஒப்படைத்த ஏ.எல். மூலச் சான்றிதழை மீட்க மூன்று தரம் பஸ் ஏற வேண்டியிருந்தது, அதுவும் சீசன் நேரத்தில். விடுவதென்றால் முதலில் எழுத்தில் லீவு கேளுங்கள். ஒரு வருடம் வெளியில் வேலை செய்து பார்த்துவிட்டு, திரும்பிப் போகிற கதவைப் பிறகு சாத்திக்கொள்ளலாம்.