ரோடு வருகிறது என்று உங்களுக்கு முதலில் யார் சொன்னார்கள்?

குப்பனூர்க்காரன்:

2018 ஜூன். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு உறுத்துவது ஒரு சொம்பு மோர்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போய்விட்டேன், வீட்டில் அம்மா மட்டும். நாலு பேர் வந்திருக்கிறார்கள், ஒருவர் தோளில் நிலம் அளக்கும் கருவியின் முக்காலி. பட்டா உட்பிரிவுக்கு எழுதிக் கொடுத்து எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குத்தான் அளக்க வந்திருக்கிறார்கள் என்று அம்மா நினைத்துவிட்டார். வெயிலில் வந்தவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு மோர் கரைத்துக் கொடுத்திருக்கிறார். குடித்து முடித்துவிட்டு ஒருவர் சொன்னாராம்: "மோர் நல்லா இருக்குதும்மா. அந்த மாட்டை மட்டும் கொஞ்சம் புடிச்சு அந்தப் பக்கம் கட்டுங்க, கல்லு அங்கதான் வருது."

அம்மாவும் பிடித்துக் கட்டினார். கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் நான் வந்து சொல்லித்தான் அது எதற்கான கல் என்று அவருக்குத் தெரியும். நிலம், நஷ்ட ஈடு எதையும் அவர் பேசுவதில்லை. இன்றுவரை ஒரே கேள்விதான்: "குடிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமில்ல?"

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி வழிவிட்டது. இரண்டையும் டிவியில்தான் பார்த்தோம். எங்கள் வீட்டுக்கு நேரில் வந்தது அந்தக் கல் ஒன்றுதான்.

பைபாஸ் டீக்கடை:

நான் வாழப்பாடி தாண்டி, உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில். என் கடைக்கு எதிரே நடுத்தடுப்பில் ஒரு இடைவெளி இருந்தது. அதில் தாண்டித்தான் பால் சொசைட்டிக்குப் போவார்கள். விபத்து நடக்கிறது, மூட வேண்டும் என்றால் சரி, நானே எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன். ஆனால் ஒரு ராத்திரியில் மூடிவிட்டார்கள். காலை ஐந்தரைக்கு நான் ஷட்டரைத் தூக்குகிறேன், பால் ஊற்றப் போகிற ஒரு அக்கா இரண்டு கேனோடு கான்கிரீட் கட்டைக்கு முன்னால் நிற்கிறது. சொசைட்டி ஆறு மணிக்கு மூடிவிடும். ஒரு கேனைக் கட்டை மேல் தூக்கி வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியது. ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனதில் பயந்து கையை விட்டுவிட்டது. கேன் சரிந்தது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் மட்டும் கறுப்பு ரோட்டில் வெள்ளையாக ஓடியது.

நூறடி தள்ளி பெரிய பலகை: பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும். வண்டியில் போகிறவனுக்குச் சொல்லிவிட்டார்கள். இனி எங்கே தாண்டுவது என்று கேனோடு நடக்கிறவளுக்கு ஒரு வரி கிடையாது.

ஓய்வு சர்வேயர்:

குப்பனூர்க்காரரே, கல் நட வந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் வேறு மாவட்டத்தில் சங்கிலி இழுத்தவன்தான். மோரும் கொடுத்திருக்கிறார்கள், நாயையும் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். என் அனுபவம் அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956, பிரிவு 3ஏ. நிலம் எடுக்கும் எண்ணத்தை அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்று வட்டார மொழியில், அதாவது நமக்குத் தமிழில். வீடு வீடாகக் கடிதம் கொடு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆட்சேபணைக்கு 21 நாள். இதில்தான் எல்லாரும் கோட்டை விடுவது: சட்ட வாசகப்படி அந்த 21 நாள் அரசிதழ் தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் பேப்பர் பார்த்த தேதியிலிருந்து அல்ல. எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணத்தோடு. "எங்க பாட்டன் பூட்டன் காலத்து நிலம்" என்பது மட்டும் போதாது. கிணறு போகிறதா, மிச்ச நிலத்துக்கு வழி இல்லாமல் போகிறதா, அதை எழுதுங்கள். நேரில் விசாரிக்கும்போது நீங்களும் பேசலாம், வக்கீலும் பேசலாம். அப்புறம் பிரிவு 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது. பிரிவு 3ஜி என்பது பணம், அதாவது நஷ்ட ஈடு. அதற்கும் மறுபடி பேப்பரில் அறிவிப்பு வரும். தொகை போதவில்லை என்றால் நடுவரிடம் போகலாம்.

இன்னொன்று. விளம்பரத்தில் நீங்கள் பேசும் பெயர் எதுவும் இருக்காது. புளியமரத்துக் காடு, மேட்டுக்காடு என்று யாரும் எழுத மாட்டார்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு அவ்வளவுதான். பரப்பு சதுர மீட்டரில் இருந்தால் 40.47ஆல் வகுத்தால் சென்ட். ஆகவே சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) இரண்டின் நகலையும் இப்போதே எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். பால் கேன் சம்பவத்துக்கும் நான் சொல்வதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

குப்பனூர்க்காரன்:

ஐயா, நான் யாரையும் திட்டவில்லை. உங்கள் 3ஏ பேப்பரில் வந்திருக்கும், மறுக்கவில்லை. எங்கள் ஊரில் பேப்பர் வருவது டீக்கடைக்கு. அந்தப் பக்கத்தில் வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள்.

பழைய பஞ்சாயத்து:

இதற்குத்தான் அந்தக் காலத்தில் தண்டோரா போட்டார்கள். ஒரு தெரு விடாமல் சேதி போகும், படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். அதையும் நிறுத்திவிட்டார்கள்.

மேட்டுத்தெரு:

நிறுத்தியது 2022இல். நல்லதுக்குத்தான். தண்டோரா அடித்தவருடைய பேரன் நான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தால் அதே சேதி அதே தெருவுக்குப் போகும். மேலே மோர்க் கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் தாத்தா ஊர் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவார். அவருக்கு யாரும் திண்ணையில் இடம் கொடுத்து, சொம்பில் மோர் கொடுத்ததில்லை.

கிழங்குக்காடு:

ஆத்தூர் பக்கம். எங்களுக்கு நேர்ந்தது உல்டா. எல்லாம் முறையாகச் சொன்னார்கள், அதுதான் எனக்குக் குடைச்சல்.

கிராம சபைக்கு ஒரு பொறியாளர் வந்தார், சின்னப் பையன், திருநெல்வேலிப் பேச்சு. ரோட்டுக்கு அடியில் சுரங்கப் பாதை வருகிறது என்று வரைபடத்தை விரித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தர் கேட்டார், "கெழங்கு லோடு டிராக்டர் நுழையுமா நுழையாதா, அதைச் சொல்லுப்பா." பையன் கொஞ்சம் யோசித்தார். பக்கத்து வீட்டில் ஒரு டப்பா கோலமாவு வாங்கி வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் டேப் பிடித்து இரண்டு கோடு போட்டார். "இதுதான் சுவர், இதுதான் சுவர். வண்டியைக் கொண்டாங்க."

டிராக்டர் வந்தது. மரவள்ளி லோடோடு கோட்டை மிதிக்காமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கிறேன், அப்படி ஒருத்தர் குனிந்து மண்ணில் போட்டுக் காட்டிப் பார்த்ததில்லை.

சுரங்கப் பாதை முடிந்து முதல் அறுவடை. கிழங்கு போனது. வைக்கோல் லோடு மாட்டிக்கொண்டது. அகலம் சொன்னபடி இருக்கிறது. உயரத்தை யாரும் கேட்கவில்லை. கோலமாவில் உயரம் போட முடியாதே! இப்போது வைக்கோல் வண்டி மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருகிறது. பையனைத் திட்டலாம் என்றால் மனசு வரவில்லை. கேட்காமல் விட்டது இருநூறு பேர், அத்தனை பேரும் வைக்கோல் ஏற்றுகிறவர்கள்.

ஓய்வு சர்வேயர்:

உயரம் வரைபடத்திலேயே போட்டிருக்கும். கூட்டத்தில் நகல் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அப்படியே தீர்மானப் புத்தகத்தில்

பைபாஸ் டீக்கடை:

ஐயா, போதுங்க.

சேலம் புதுசு:

நான் புதிது, தவறான இடத்தில் கேட்டால் மன்னிக்கவும். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தால் எங்கள் காம்பவுண்டு சுவரில் சிவப்பு பெயிண்டில் எல்.எச்.எஸ். என்று எழுதியிருந்தது, பக்கத்தில் ஒரு எண். வாசலில் நின்ற என் மகள், "நம்ம வீட்டு நம்பரை மாத்திட்டாங்களாப்பா?" என்றாள். ஆமாம் கண்ணு என்று சொல்லிவிட்டேன். அது என்ன என்று யாராவது சொல்ல முடியுமா?

ஓய்வு சர்வேயர்:

ரோட்டின் இடது பக்கம் என்று அர்த்தம். எண் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்காக இருக்கும். அழிக்க வேண்டாம், தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

சேலம் புதுசு:

எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று அதில் தெரியுமா?

ஓய்வு சர்வேயர்:

தெரியாது. உங்கள் சர்வே எண் என்ன?