டிம் லைட்: மங்கொளியா, தாழொளியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டியின் முகப்பு விளக்கில் ‘டிம்’ என்கிறோமே, அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட ‘மங்கொளி’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டறையில் டிம், பிரைட் என்று சொல்லிச் சொல்லி வந்த மயக்கம் அது.

சென்ற வாரம் என் காரின் முகப்பு விளக்கில் எச்4 வகைப் பல்பு போய்விட்டது. ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொக்கியை விலக்கி, புதியதைத் துணியால் பிடித்துப் பூட்டினேன். (விரலின் எண்ணெய்ப்பசை பட்டால் அந்த இடம் அளவுமீறிச் சூடேறி, குவார்ட்ஸ் கண்ணாடி கெட்டுவிடும்.) பழைய பல்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இரண்டு மின்னிழைகள். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். ஐந்து வாட் குறைந்தால் மங்கலா? டிம் இழைக்கு அடியில் கரண்டி முகம்போல ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. கீழே போகும் ஒளியை அது மறித்துவிடுகிறது. பிரதிபலிப்பானின் மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் சாலையில் இறங்குகிறது.

டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே செனான் விளக்கு உள்ள கார்களில் இது இன்னும் தெளிவு. அங்கே இழையே கிடையாது, இரு மின்முனைகளுக்கு நடுவே மின்வில் (ஆர்க்) எரிகிறது. டிம்மிலும் பிரைட்டிலும் அதே வில், அதே 35 வாட். முன்னால் ஒளியில் ஒரு பகுதியை மறிக்கும் தகடு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். மங்குவது எது?

ஆகவே டிம்முக்குத் தாழொளி. அதற்கு இணையாக, பிரைட்டுக்கு, நெட்டெழுத்து என்பதைப் போல நெட்டொளி. அண்மையொளி, சேய்மையொளி என்ற இணையும் எனக்குப் பிடித்தது. ஆனால் அதிலிருந்து வினை பிறக்கவில்லை. தாழொளி என்றால், “எதிரே வண்டி வருகிறது, ஒளியைத் தாழ்த்துங்கள்” என்று யாரிடமும் சொல்லலாம், மலைப்பாதைப் பலகையிலும் எழுதலாம். நடந்து செல்பவர்கள் தெரிவதற்காகத் தாழொளியின் இடது ஓரம் சற்று நிமிர்ந்தே விழும் என்பது உண்மை. எதிரே வருபவரின் கண்ணுக்கோ அது தாழ்ந்த ஒளிதான்.

இன்னொரு சொல்லும் வேண்டும். எச்4-இன் கிண்ணம், செனானின் தகடு இரண்டும் செய்வது ஒரே வேலை. எச்4 இடத்தில் பொருத்தும் எல்இடி பல்பிலும், சில்லுகள் பழைய இழை இருந்த இடத்திலேயே அமைந்து, அடியில் இப்படி ஒரு மறைப்பு இருந்தால்தான் எதிரே வருபவருக்குக் கண் கூசாது. மூன்றுக்கும் பொதுவாக ‘மறிப்பி’ என்று வைக்கலாமா?