எங்க தாமான் (குடியிருப்புப் பகுதி) ரோட்டுக்கு ரப்பர் தார், பிளாஸ்டிக் தார் எதாச்சும் சரிப்படுமா?

செந்தூல்வாசி:
வணக்கம். எங்க தாமானுக்குள்ள நுழையிற வளைவுல இந்த வருசம் மட்டும் மூணு தடவ ஒட்டு போட்டாச்சு, ரெண்டு மழைக்குத் தாங்கல. போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா பையன ஸ்கூலுக்கு மோட்டார்ல ஏத்திட்டுப் போறப்ப அந்தக் குழில விழுந்து கை முறிஞ்சு போச்சு, அதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. குடியிருப்பாளர் சங்கத்துல என்னையே கடிதம் எழுதச் சொல்லிட்டாங்க. மறுபடி ஒட்டு போடுங்கன்னு கேக்காம வேற மாதிரி ரோடு கேக்கலாமான்னு பாக்குறேன். சிலாங்கூர் செமினில இருட்டுல மின்னுற ரோடு, ரப்பர் தார், இந்தியாவுல பிளாஸ்டிக் ரோடு, பிரான்ஸ்ல சோலார் ரோடுன்னு என்னென்னமோ சொல்றாங்களே, இதுல எது நம்ம வெயில் மழைக்கு நிக்கும்?

தார்லோரி:
தம்பி, நான் ரோடு போடுற வேலைல 14 வருசமா இருக்கேன். செமினில மின்னுனது ரோடு இல்ல, கோட்டுப் பெயிண்ட்தான், 245 மீட்டர். சாதா பெயிண்ட் சதுர மீட்டருக்கு 40 வெள்ளி (ரிங்கிட்)ன்னா அது 749 வெள்ளி, 2024ல வேணாம்னு விட்டுட்டாங்க. சோலாரும் அப்படித்தான். பிரான்ஸ்ல நார்மண்டி பக்கம் 2016 கடைசில 1 கிலோமீட்டர், 50 லட்சம் யூரோ செலவு, மேல வண்டி ஓடி ஓடி பேனல் பேந்து போச்சு, இலை விழுந்து மூடிக்கிச்சு, நெனச்ச கரண்டும் வரல.

ஒண்ணு கேக்குறேன், குழி விழுறது அதே எடத்துலயா? அப்படின்னா கோளாறு மேல இல்ல, அடியில. தாருக்கு அடியில இருக்குற கல்லு படுகைல தண்ணி ஊறிட்டா மேல எத போட்டாலும் ஒடையும். பாரமும் ஒரு காரணம், வண்டிச் சக்கரம் மாட்டுற அச்சு மேல ஏறுற பாரம் ரெண்டு மடங்கானா ரோட்டுக்குச் சேதம் ரெண்டு மடங்கு இல்ல, ஏறக்குறைய 16 மடங்கு. உங்க தாமானுக்குள்ள மண்ணு லோரி ஏதும் வருதா?

பால்மரக்காடு:
எங்க அம்மா தோட்டத்துல பால் வெட்டுனவங்க, அதனால ரப்பர் ரோடுன்னா எனக்குத் தனிப் பிரியம். பால் வடியிற மங்குல (கிண்ணத்துல) உறைஞ்சு கெடக்குற கட்டிப்பாலத்தான் பக்குவம் பண்ணி தாரோட கலக்குறாங்க, நம்ம ரப்பர் வாரியம் செஞ்ச வேலை அது. வெயில்ல தார் இளகி பள்ளம் பள்ளமா அமுங்குறத ரப்பர் கொறைக்கும், வெடிப்பும் சீக்கிரம் வராது. வெலை கூடத்தான், ஆனா கட்டிப்பால் வெலை விழுறப்பல்லாம் கஷ்டப்படுறது சின்னத் தோட்டக்காரங்கதானே, அவங்களுக்கும் நாலு காசு போகுமே. பெரிய ரோட்டுக்கு இத கேக்கணும்னு நான் சொல்வேன்.

பாயான்லெப்பாஸ் அக்கா:
பிளாஸ்டிக் பத்தி நான் சொல்றேன். மதுரை தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ் வாசுதேவன் சார் கண்டுபுடிச்ச முறை, 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. பையையெல்லாம் சின்னச் சின்னதா வெட்டி, 170 டிகிரி கிட்ட சூடான ஜல்லி மேல தூவுனா உருகி கல்லச் சுத்தி ஒட்டிக்கும், பெறகு தார். கல்லுக்குள்ள தண்ணி எறங்காது, தாரும் நல்லாப் புடிக்கும். ஆனா எல்லா பிளாஸ்டிக்கும் ஆகாது, பிவிசி கலந்தா சூட்டுல வெஷக் காத்து வரும். குப்பைய வீட்டுலயே பிரிக்காத ஊர்ல இது பெரிய பாடு, நம்ம பினாங்குலயும் அத நெனச்சுத்தான் எனக்குக் கவலை.

செந்தூல்வாசி:
அண்ணே, நீங்க கேட்டதுக்காக நேத்து சாயங்கால மழைல கொடையோட போயி நின்னு பாத்தேன். மூணு ஒட்டும் ஒரே எடம்தான்ணே! ரோட்டோரம் மண்ணும் புல்லும் மேடு கட்டிருச்சு, தண்ணி லோங்காங்குக்கு (ரோட்டோரக் கால்வாய்க்கு) போகவே வழியில்ல, மழை விட்டு 40 நிமிசம் கழிச்சும் அப்படியே தேங்கி நிக்குது. மண்ணு லோரியும் வருது, பின்னாடி கோண்டோ கட்டுறாங்க. இப்ப கடிதத்துல என்னான்னு எழுதுறது?

தார்லோரி:
பாத்தியா, கண்டுபுடிச்சிட்ட. மொதல்ல ஓரத்து மேட்ட வெட்டி லோங்காங்குக்கு வழி விடச் சொல்லு. அடுத்து, அந்த வளைவுல மேல ஒட்டாம படுகை வரைக்கும் தோண்டி, ஈரக் கல்ல அள்ளிட்டு புதுக் கல்லு போட்டு நல்லா இறுக்கச் சொல்லு. மேல சாதா தாரே போதும். லோரிக்கு வேற வழி கேட்டு தனிக் கடிதம் போடு. மழைல எடுத்த படம் இருந்தா நேரத்தோட சேத்து வெச்சிரு.