ஃபுளோ டிரெயில்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தெற்கு ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தின் ஆல்ட்மூல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மிதிவண்டியில் செல்லத்தக்க வழித்தடங்களைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். நியூரம்பெர்க், இங்கோல்ஷ்டட் பக்கம் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் அங்கே போகத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், குழந்தைகளை அழைத்துப் போகலாமா, எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்பவைதாம். பாதை வகைகளுக்குத் தெளிவான பெயர்கள் இருந்தால் இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்.

‘ரூட்’ என்பதற்கு, பேருந்துக்கு நாம் வழங்கும் வழித்தடத்தையே எடுத்துக்கொண்டேன். காட்டுக்குள் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ‘சிங்கிள் டிரெயிலுக்கு’ ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ‘ஃபுளோ டிரெயிலில்’ வந்து நின்றுவிட்டேன். ஓட்டத் தடம் என்றால் விளையாட்டு மைதானம் நினைவுக்கு வருகிறது. பாய்வுத் தடம் இயற்பியல் பாடநூலின் வாடை அடிக்கிறது. சரளத் தடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதே பக்கத்தில் சரளைக்கல் பரப்பிய வனச்சாலையைச் சரளைப் பாதை என்று எழுதியிருக்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரேனும் தவறான திருப்பத்தில் இறங்கிவிடக் கூடாது. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

* * *

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். ஃபுளோ டிரெயில் காலடி பட்டுத் தானாக உண்டான பாதை அன்று. மலைமிதிவண்டிக்கென்றே மண்ணை வெட்டியும் மேடு கட்டியும் அமைப்பது. அதன் அலைமேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது சேரும் வேகமே அடுத்த மேட்டில் வண்டியை ஏற்றிவிடுகிறது. வளைவுகளின் வெளிப்புறத்தில் கரை உயர்த்திச் சாய்வாகக் கட்டப்பட்டிருப்பதால், பிரேக்கை அழுத்தாமலே வண்டி திரும்பிவிடுகிறது. மிதிப்பதும் குறைவு, பிடிப்பதும் குறைவு. இதை வேகத் தடம் என்று புரிந்துகொள்வது தவறு. மெதுவாக ஓட்டுபவருக்கும் அது அறுபடாமல் ஓடும். அறுபடாமைதான் இதன் இலக்கணம். ஆகையால் வேகம், பாய்ச்சல், விரைவு என்ற பொருள் தரும் வேர்ச்சொற்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

தடம் அமைப்போர் நீரோட்டத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு வேறு எதைப் பற்றியும் கவலைப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1988இல் தொடங்கிய பன்னாட்டு மலைமிதிவண்டிச் சங்கம் பரப்பிய நெறிகளில் இரண்டு, தடத்தின் சராசரிச் சரிவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும், எந்த இடத்திலும் அது மலைச்சரிவின் சாய்மானத்தில் பாதியை மீறக் கூடாது என்பதும் ஆகும். சரிவில் நேர்கீழாகப் போட்ட தடம் மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். மண் கரைந்து, கல்லும் வேரும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் நல்ல தடம் சரிவைக் குறுக்காக அணைத்துச் சென்று, சிறிது இறங்கி, சிறிது ஏறி, மீண்டும் இறங்குகிறது. ஏறத் தொடங்கும் இடத்தில் மழைநீர் தடத்தை விட்டு வெளியே வழிந்துவிடுகிறது. சமவெளி ஆறு வளைந்து வளைந்து செல்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தடத்தின் கோடு புதிதாகத் தோன்றாது.

ஆகவே என் பரிந்துரை ஆற்றொழுக்குத் தடம். நன்னூல் சூத்திர நிலைகளை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்காகச் சொல்கிறது. சூத்திரங்கள் இடையறாமல் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வதே ஆற்றொழுக்கு. இடைவிட்டுத் தாவிச் சென்று பொருந்துவது தவளைப் பாய்த்து. பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தை மறந்தவர்கள்கூட, ‘ஆற்றொழுக்கான நடை’ என்று ஒருவருடைய பேச்சையோ எழுத்தையோ இன்றைக்கும் பாராட்டுகிறார்கள். ஃபுளோ என்ற சொல் எந்தப் பொருளைச் சுமக்கிறதோ அந்தப் பொருளைச் சுமந்து பழகிய சொல் நம்மிடம் புழக்கத்திலேயே இருக்கும்போது, புதிதாக ஒன்றைச் செய்ய நான் விரும்பவில்லை. தாவுமேடுகள் உள்ள தடத்துக்குத் தவளைப் பாய்த்தையும் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது வேண்டாம், அந்தச் சொல் இலக்கண வகுப்பை விட்டு வெளியே வரவில்லை. தாவுதடம் என்றால் சிறுவருக்கும் விளங்கும்.

ஒற்றையடிப் பாதையைப் பற்றியும் ஒன்று. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்து மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கின் வனச் சட்டப்படி, 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டக் கூடாது. பவேரியாவில் அத்தகைய அகலக் கணக்கு இல்லை. பாதை மிதிவண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். எல்லை தாண்டிச் செல்லும் வாசகருக்கு இந்த வேறுபாடு அபராதத்தையே மிச்சப்படுத்தும்.

* * *

ஐயா, வணக்கம்.

ஆற்றொழுக்கு என்ற சொல்லைப் படித்ததும் இதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் கையேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு தடை எழுகிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கே ஆற்றின் பெயரில்தான் இருக்கிறது. ஆல்ட்மூல், பவேரியாவின் மிக மெதுவான ஆறு என்று பெயர் பெற்றது. டான்யூப் ஆறு பனியூழிக் காலத்தில் இவ்வழியே ஓடி, ஆழமாக அறுத்துவிட்டுப் போன பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில்தான் இந்தச் சிற்றாறு இப்போது ஓடுகிறது. அதனால்தான் ஆற்றின் அளவுக்குப் பொருந்தாத அகலத்தில் அடித்தளமும், இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளும் இருக்கின்றன. குன்ஸன்ஹவுசனிலிருந்து கெல்ஹைம் வரை 160 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றை ஒட்டியே மிதிவண்டிப் பாதை போகிறது. பெரும்பாலும் சமதளம், குழந்தை இருக்கை பொருத்திய வண்டியோடு தாராளமாகப் போகலாம்.

மேலே கதை வேறு. ஆற்றிலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் மேட்டுநிலம். இடையிலுள்ள சரிவில் பீச் மரக்காடும், ஆடு மேய்ந்து மேய்ந்து வெட்டவெளியாகவே நிற்கும் ஜூனிப்பர் புதர்க்காடும். சோல்ன்ஹோஃபன் பக்கத்தில் பலகை பலகையாகப் பிளக்கும் சுண்ணாம்புக்கல்லே மண்ணோடு கலந்து கிடக்கிறது. 1861இல் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற தொல்பறவையின் எச்சம் வெளிப்பட்டது இந்தக் கல்லில்தான். உலர்ந்த நாளில் அந்தப் பலகைகள் சக்கரத்தின் கீழ் ஓட்டுச்சில் போலக் கலகலத்து நகரும். நனைந்துவிட்டால் சோப்பாக வழுக்கும். டிராய்ஹ்ட்லிங்கன் ஊருக்கு மேலே ஹாய்மேடர்ன் குன்றில் மலைமிதிவண்டிக்கென்றே தடங்கள் அமைத்திருக்கிறார்கள்.

இந்தச் சூழலில் வரைபடத்தில் ஆற்றொழுக்குத் தடம் என்று எழுதினால், ஆற்றோரமாக ஒழுங்காகப் போகும் பாதை என்றுதான் புதியவர் படிப்பார். பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு அந்தச் சரிவின் உச்சியில் வந்து நிற்பார். ஆற்றை எடுத்துவிட்டு ஒழுக்குத் தடம் என்று சுருக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் ஒழுக்கு என்றால் கூரை ஒழுக்குதான். என்ன செய்யலாம்?

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சொல்லும் தடை நியாயமானது. ஆற்றங்கரையிலேயே இந்தச் சொல் தடுமாறுமானால் அதை அப்படியே வைத்துக்கொண்டு வாதிடுவதில் பயனில்லை. வாசகரின் பாதுகாப்பு, சொல்லின் அழகுக்கு முன்னால் வர வேண்டும்.

எனினும் சிக்கல் ஆற்றொழுக்கில் இல்லை, அதை அடுத்து வரும் ‘தடம்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆறும் தடமும் பக்கத்தில் வந்தால் மனம் கரையைத்தான் நினைக்கும். தடத்தை எடுத்துவிட்டு ஆற்றொழுக்கு இறக்கம் என்று சொல்லிப் பாருங்கள். சமதளப் பாதையை யாரும் இறக்கம் என்று நினைக்க மாட்டார்கள்; கீழ்நோக்கிப் போகிறது என்ற எச்சரிக்கை பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது. இதே முறையில் மேல்நோக்கி அமைத்த தடம் எங்கேனும் இருந்தால் ஆற்றொழுக்கு ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். கீழே ஓடுவதற்கு ஆற்றோரப் பாதை என்பதை மட்டும் பயன்படுத்துங்கள். நூல் முழுவதிலும் அதை மாற்ற வேண்டாம். கூரான திருப்பங்களுக்குக் கொண்டை ஊசி வளைவு என்ற நம் மலைச்சாலைச் சொல்லே போதும். வளைவின் வெளிப்புறக் கரைக்குச் சாய்கரை என்றும், தொடர் மேடுகளுக்கு அலைமேடு என்றும் நான் மேலே எழுதியவற்றை விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் குழுமத்தில் எழுதுங்கள்.

கடினத்தன்மையைக் குறிக்க ஜெர்மனியில் ஒற்றையடிப் பாதைகளுக்கு எஸ்0 முதல் எஸ்5 வரை வழங்கும் அளவீட்டை மொழிபெயர்க்க வேண்டாம். அங்கே வரைபடத்திலும் பிறர் பேச்சிலும் அந்தக் குறியீடுதான் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் மட்டும் தமிழில் இருக்கட்டும்: எஸ்0 என்றால் வேரும் கல்லும் இடறாத இறுகிய மண், எஸ்1 என்றால் சிறு வேர்களும் கற்களும் உண்டு, எஸ்2 என்றால் பெரிய வேர்களும் உதிரிக்கற்களும் படிகளும் வரும், பழகாதவர் இறங்கித் தள்ள வேண்டும். அதற்கு மேற்பட்டவை உங்கள் வாசகருக்கு வேண்டியதில்லை. நனைந்த சுண்ணாம்புப் பலகையைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் அந்தப் பட்டியலின் கீழே தடித்த எழுத்தில் போடுங்கள். அளவீடு உலர்ந்த நாளுக்கானது.