பெரியப்பா விட்டுப்போன வண்ண வைரங்கள்: விற்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. காலமான என் பெரியப்பாவின் பெட்டியில் நான்கு வண்ண வைரங்கள் இருக்கின்றன: இரண்டு மஞ்சள், ஒரு இளஞ்சிவப்பு, ஒரு பச்சை. நல்ல முதலீடு என்று சொல்லி விற்றவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாள் ஒன்றுதான் ஆதாரம். அவர் இப்போது போனை எடுப்பதே இல்லை. பெரியம்மாவுக்குப் பணம் அவசரம். அவரை யாரும் அடிமாட்டு விலைக்கு மடக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

டெஸ்டர் பேனாவில் நான்கும் வைரம் என்றே காட்டின. ஆனால் அது பார்ப்பது வெப்பக் கடத்தலை. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதில் தேறிவிடும். பச்சைதான் உறுத்துகிறது. இயற்கையில் அந்த நிறம் பெரும்பாலும் கதிர்வீச்சால் வருவது, அதையே செயற்கையாகவும் ஏற்றலாம். லூப்பில் (நகைக்கடை உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தபோது இளஞ்சிவப்புக் கல்லின் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு எண் தெரிந்தது. தாளில் அந்த எண்ணே இல்லை! அது எந்த ஆய்வகத்தின் அறிக்கை எண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) ஆய்வகம் நிறம் இயற்கையா என்று சொல்லும், விலை சொல்லாது. முதலில் பச்சையையும் இளஞ்சிவப்பையும் மட்டும் அனுப்பினால் போதுமா? விலைக்கு யாரை நம்பலாம்? கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் போகும் வைரங்களைத் தடுக்க 2003-இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்று பட்டை தீட்டாத கற்களுக்குத்தான். தீட்டிய கல் எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்டால் எதைக் காட்டுவது? ஏலம், நேரடி வியாபாரி, விற்றபின் பணம் என்று ஒப்படைப்பது, இவற்றில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.