பருமனான உருண்டைமுனை எழுத்துரு: மருந்துச் செயலிக்குப் பொருந்துமா?

வளைகோடு:
மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலிக்குத் திரை வடிவமைச்சுட்டு இருக்கேன். தலைப்புக்கும் நேரத்துக்கும் பலூ தம்பி 2-ங்கிற உருண்டைமுனை எழுத்துரு போட்டேன், அதிலேயே ரொம்பத் தடிச்ச எக்ஸ்ட்ரா போல்டு. கூட வேலை பார்க்கிறவர் பார்த்ததுமே, “பொம்மைப் பெட்டி மாதிரி இருக்கு, மருந்துன்னா நம்பிக்கை வரணும்”னு சொல்லிட்டார். எனக்கு அப்படித் தோணலை. நீங்க என்ன சொல்றீங்க?

நேர்கோடு:
நான் அவர் பக்கம். கோடெல்லாம் ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கி, காற்றடைத்த மாதிரி நிற்கும். சிறுவர் புத்தக அட்டை, விளையாட்டுச் செயலி என்றே கண் பழகிவிட்டது. ‘அரை மாத்திரை’ என்பதை அந்தக் குரலில் சொல்லக் கூடாது.

அச்சுக்கூடம்:
உருண்டை முனை குழந்தைகளுக்காகப் பிறந்ததில்லை நண்பரே, கருவி தந்த வடிவம் அது. பொறியியல் வரைபடத்தில் குழாய்முனைப் பேனாவால் எழுதினால் கோட்டின் நுனி தானாக உருண்டுதான் முடியும். பலகையில் சுழலும் வெட்டுமுனையால் செதுக்கினாலும் அப்படியே. 1979-ல் ஃபோக்ஸ்வாகன் தனக்கென்றே வாக் ரவுண்டட் எழுத்துருவைச் செய்துகொண்டது. பிறகு பல ஆண்டுகள் ஆப்பிள் விசைப்பலகைகளில் இருந்ததும் அதுதான். ஜப்பானியச் சாலைப் பலகைகளிலும் உருண்டைமுனை எழுத்து உண்டு. இதிலெல்லாம் யாரும் பொம்மையைப் பார்க்கவில்லை.

நேர்கோடு:
இரண்டைக் கலக்கிறீர்கள். முனை உருள்வது வேறு, கோடு தடிப்பது வேறு. வரைபட எழுத்து மெல்லியது. விசையில் இருப்பது ஓரிரு எழுத்து. என் மறுப்பு தடிமனோடுதான்.

அச்சுக்கூடம்:
அது நியாயம், ஏற்கிறேன். ஆனால் கண்ணாடி போடாமல் பார்ப்பவருக்கு நேரம் சட்டென்று தெரிய வேண்டுமே. நான்கைந்து எழுத்து, பெரிய அளவு என்றால் தடிமன் கைகொடுக்கும். பத்தி முழுக்க ஓட விட்டால்தான் மூச்சு முட்டும்.

சுழியன்:
எல்லாரும் முனையையே பேசுறீங்க. தமிழில் சிக்கல் சுழியில்தான் இருக்கு.

‘கி’, ‘கீ’ இரண்டையும் பிரிப்பது கொக்கியின் நுனியில் இருக்கும் சின்னச் சுழி. கோடு தடிச்சா அந்தச் சுழியின் வயிறு அடைஞ்சுபோகும், குறில் நெடில் தெரியாது. ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். அப்புறம் ‘ர’. துணைக்காலிலிருந்து அதைப் பிரிச்சுக் காட்டுவது அடியில் இறங்கும் சாய்கோடு மட்டும்; முனையை உருட்டும்போது அது குட்டையாகி மறையப் பார்க்கும். புள்ளியும் அப்படித்தான், எழுத்தை ஒட்டிக்கிட்டா மெய் உயிர்மெய்யாகிடும்.

பலூவை வரைந்த எக் டைப் குழுவினர் ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்குத் தனித்தனியா வரைந்தவங்க. சாதாரண எழுத்துருவின் மூலையை மழுக்கிவிட்டு ‘ரவுண்டட்’னு பேர் வைக்கிற வேலை இல்லை அது. (உருண்ட முனை கண்ணுக்குக் கொஞ்சம் குட்டையாத் தெரியும், அதனால கோட்டை ஒரு இழை நீட்டி வரையணும். மழுக்கிறவங்க இதை மறந்துடுறாங்க, எனக்கு மனசு ஆறாது.) முதலில் ஒரே தடிமனில் வந்த எழுத்துரு, பலூ 2-ல் ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்டு வரை ஐந்து எடைகளா, அதாவது ஐந்து தடிமன்களா ஆச்சு. வளைகோடு, உச்ச எடையிலேயே ஏன் நிக்கிறீங்க? ‘தண்ணீர்’னு எழுதிப் பாருங்க. நான் சொன்ன சிக்கல் பெரும்பாலும் அந்த ஒரே சொல்லில் இருக்கு.

வளைகோடு:
பார்த்தேன். 16 பிக்சலில் எக்ஸ்ட்ரா போல்டு வெச்சா ணீ-யோட சுழி வெறும் கறுப்பு. 48-ல் அழகா இருக்கு, தடிமன் குறைஞ்ச செமிபோல்டில் இன்னும் தெளிவு. அதனால நேரமும் ‘காலை’, ‘இரவு’ங்கிற சொல்லும் மட்டும் பெரிசா பலூ செமிபோல்டு. மருந்துப் பெயர், அளவு, குறிப்பெல்லாம் நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கிற சாதாரண எழுத்துரு. பொம்மை மாதிரி இருக்குங்கிறதை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கலை. உடம்பு முடியாதவர் கையில் எடுக்கிற திரை கொஞ்சம் கனிவா இருக்கட்டும்.

நேர்கோடு:
அளவும் குறிப்பும் அதிலிருந்து வெளியே வந்ததே எனக்குப் போதும். எண்களை மட்டும் இன்னொரு தடவை சோதியுங்கள். தடித்த உருண்டை எழுத்தில் 3-ன் திறந்த வாய் மூடிக்கொண்டு 8 ஆகத் தெரியும். 3.30, 8.30 இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள்.